ஓங்கில் படகில் அக்கா

"அது சிரிக்கல" என்றாள் அக்கா மைக்கில்.

முன்வரிசையில் ஒரு புதுமணத் தம்பதி. அந்தப் பெண் அப்போதுதான் கணவனின் தோளை இடித்து, "பாருங்களேன், டால்பின் நம்மளைப் பார்த்து எப்படிச் சிரிக்குது!" என்று சொல்லி வாய் மூடவில்லை.

"அதோட வாய் அமைப்பே அப்படித்தான். பசிச்சாலும் அந்த வாய்தான், வலிச்சாலும் அந்த வாய்தான். செத்து மிதந்தாலும் அதே வாய்தான். சிரிக்குதுன்னு நெனச்சு யாரும் ஏமாற வேண்டாம்."

படகில் உண்மையாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

பின்பக்கம் சுக்கானைப் பிடித்திருந்த தம்பி கண்ணை இறுக மூடித் திறந்தான். தேனிலவுக்கு வந்தவர்களிடம் செத்து மிதப்பதைப் பற்றிப் பேச ஒரு தனிப் பிறவி வேண்டும். அந்தப் பிறவி தனக்கு முன்னால் அதே வயிற்றில் பிறந்து தொலைத்திருக்கிறதே என்று அவன் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. படகு அவனுடையது. உரிமம் அவன் பெயரில் இருக்கிறது. பேச்சில் மட்டும் அவனுக்குப் பங்கு இல்லை.

அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஒடிசலான உடம்பு. ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட கால்சட்டை, அதற்கு மேல் மிதவை அங்கி. பயணிகள் கரை தாண்டியதும் வியர்க்கிறது என்று அங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டிலிருந்து வரும்போதே மாட்டிக்கொண்டு வருவாள். மூக்குக்கண்ணாடி கடலில் விழுந்துவிடக் கூடாது என்று தூண்டில் நரம்பால் பின்கழுத்தோடு கட்டியிருப்பாள். பேசுவதற்கு முன் ஒருமுறை, பேசி முடித்தபின் ஒருமுறை, மைக்கைச் சட்டைக் கையால் துடைப்பாள். அவளைத் தவிர அதில் யாரும் வாய் வைப்பதில்லை. யாருடைய எச்சிலைத் துடைக்கிறாள் என்பது தம்பிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயணிகள் டால்பின் என்கிற ஓங்கில்கள் தென்பட்டுவிட்டால் அவள் குரலே மாறிவிடும். பேச்சுத் தமிழ் போய் அச்சுத் தமிழ் வந்துவிடும். "பயணிகளின் கவனத்திற்கு. வலது பக்கத்தில் மூன்று ஓங்கில்கள். ஆற்று முகத்திலிருந்து மணல்திட்டு நோக்கிச் செல்கின்றன. பயணிகள் இருக்கையை விட்டு எழ வேண்டாம்." குழந்தைகள் துள்ள வேண்டிய நேரத்தில் எல்லோரும் பையைத் தேடுவார்கள், எங்கோ இறங்க வேண்டியிருப்பதுபோல.

காரணம் இருக்கிறது. அக்கா தன் பாதி ஆயுளைப் பேருந்து நிலையத்தின் அறிவிப்புக் கூண்டில் கழித்தவள். எந்த வண்டி எந்த ஊருக்கு, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. "ஒரு நம்பரைத் தப்பா சொன்னேன்னா ஒரு குடும்பமே தப்பான ஊர்ல போய் இறங்கும்டா" என்பாள். அந்தப் பயத்தோடேயே வாழ்ந்து பழகிவிட்டாள். உலகத்தில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் யாரோ எங்கேயோ பிள்ளை குட்டிகளோடு அநாதையாக நிற்பதாக அவளுக்குத் தோன்றும். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரையும் திருத்துவாள். தம்பி மனைவி சமையலறையிலிருந்து, "அண்ணி, அவருக்குக் கேட்காது" என்று சொல்லிப் பார்ப்பாள். "கேட்கலைன்னா தப்பு சரியாயிடுமா?" என்று பதில் வரும்.

பிறகு அந்தக் கூண்டுக்கு ஒரு பெட்டி வந்தது. பதிவு செய்த பெண்குரல். இருமாது, விடுப்பு கேட்காது, எதிர்த்துப் பேசாது. அக்காவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிகாரம் இன்றுவரை சுவர் ஏறவில்லை. அட்டைப்பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அது என்ன ஆயிற்று என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வேலை போன மறுவாரம் பொழுது போகாமல் தம்பியின் படகில் ஏறி உட்கார்ந்தாள். அப்போது மைக் அவன் கையில் இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவன் கூட்டத்தைக் குஷியாக வைத்திருந்த காலம் அது. "கடலம்மாவோட செல்லக் குழந்தைங்க, குறும்புக்கார மீனுங்க, இதோ வருது பாருங்க" என்று ஆரம்பித்தான். அக்கா எழுந்து வந்தாள்.

"டேய், மீனாடா அது?"

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். மூச்சு வாங்க மேல வருது, குட்டி போடுது, பால் கொடுக்குது. எந்த மீன்டா பால் கொடுக்கும்? கொடு அதை இப்படி."

கொடுத்தான். அன்றைக்குக் கொடுத்ததுதான்.

அந்த வருடம் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா ஓங்கில்களைப் படம் எடுக்கப் படகை ஒரு பருவம் முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தார். அக்கா ஒரு நாள் விடாமல் கூடவே போனாள். அந்த அம்மா கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தால் போதும், ஒரு கேள்வி தயாராக இருக்கும். அது எப்படித் தூங்கும், குட்டி எத்தனை காலம் பால் குடிக்கும், இருட்டுத் தண்ணியில் வழி எப்படித் தெரியும். கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, நான் கொஞ்சம் சாப்பிட்டுக்கறேனே" என்று கெஞ்சியதைத் தம்பி கண்ணால் பார்த்திருக்கிறான். தான் ஒருவன் மட்டும் கஷ்டப்படவில்லை என்று அன்று அவனுக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது.

அப்படிச் சேர்த்தது அத்தனையும் இப்போது பயணிகள் தலையில் இறங்குகிறது. "மேல சாம்பல், வயிறு வெளுப்பு. மேலேருந்து பார்த்தா தண்ணியோட தண்ணி. கீழேருந்து பார்த்தா வெளிச்சத்தோட வெளிச்சம். நீளமா முன்னால துருத்திக்கிட்டிருக்கே, அது மூக்கு இல்ல, வாய். மூக்கு உச்சந்தலையில இருக்கு. இதுக்கு இங்கிலீஷ்ல புட்டிமூக்குன்னு பேர் வெச்சவன் யாருன்னு தெரிஞ்சா என்கிட்ட கூட்டிட்டு வாங்க." தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது பின்பக்கம் திரும்புவாள். "ஒரு நேரத்துல பாதி மூளைதான் தூங்கும். மிச்சப் பாதி முழிச்சுக்கிட்டு மூச்சு விடறதைப் பார்த்துக்கும். படகு ஓட்டறாரே என் தம்பி, அவருக்கு ரெண்டு பாதியும் சேர்ந்தே தூங்கும்." படகே சிரிக்கும். அந்த ஒரு இடத்தில்தான் சிரிக்கும். அதனால் தம்பி பொறுத்துக்கொள்வான்.

பொறுக்க முடியாதது மற்றதெல்லாம். ஒருமுறை தொந்தி பெருத்த ஒருவர், "ஏம்மா, இது குதிக்காதா? டிவியில வளையத்துக்குள்ள எல்லாம் குதிக்குதே?" என்று கேட்டார்.

"டிக்கெட் வாங்கினது நீங்க. அது வாங்கல."

"காசு கொடுத்து வந்திருக்கோம்ல?"

"அப்ப நீங்க குதிங்க."

அவர் குதிக்கவில்லை. கரைக்கு வந்ததும் தம்பியின் மனைவியிடம் போய்க் குதித்தார். டிக்கெட் மேசை அவளுடைய பொறுப்பு. எல்லோருடைய ஆத்திரமும் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

சரி, ஆட்களிடம்தான் அப்படி, ஓங்கில்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறாளா என்றால் அதுவும் கிடையாது. அவற்றோடும் ஓயாத சண்டைதான். எப்போதும் ஒன்றாகவே திரிகிற மூன்று ஆண் ஓங்கில்களுக்குத் தடியனுங்க என்று பெயர். ஒரு பெண் ஓங்கிலைச் சூழ்ந்துகொண்டு அவை விரட்டும்போது அக்காவுக்குக் கோபம் தலைக்கேறும். "பார்த்தீங்களா அக்கிரமத்தை? இவனுங்களைத்தான் நீங்க சாதுன்னு சொல்றீங்க. முதுகுல கோடு கோடா இருக்குதே, அது சுறா கடிச்சதுன்னு நெனக்காதீங்க. பங்காளி கடிச்சது." வரவேண்டிய நேரத்துக்கு வராவிட்டாலும் திட்டு விழும். கடலைப் பார்த்து, "கூட்டம் காத்துக்கிட்டிருக்குல்ல? எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்பாள். தாமதமான பேருந்தின் ஓட்டுநரைக் கேட்கிற தோரணைதான்.

இவ்வளவு திட்டுகிறவள் கிட்டே போக மட்டும் விடமாட்டாள். தம்பியின் பிழைப்பில் மண் விழுந்தது அங்கேதான்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், கலங்கலும் தெளிவும் ஒரு கோடாகப் பிரிகிற நீரில்தான் ஓங்கில்கள் மேயும். ஒரு பக்கம் கடல்புல் விளைந்த ஆழமில்லாத பரப்பு, மறுபக்கம் மணல்திட்டு. மீன்கூட்டத்தைத் திட்டுக்கு ஒதுக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துப் பிடிக்கும். அந்தக் கோட்டைக் கண்டதுமே அக்கா கையை உயர்த்திவிடுவாள். எஞ்சினை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் காத்திருப்புதான். "அதுங்க வீட்டுக்கு வந்திருக்கோம். வாசல்லதான் நிக்கணும். கூப்பிட்டா உள்ள போகலாம்."

எந்தக் காலத்தில் யார் கூப்பிட்டார்கள்? பயணிகள் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார்கள், பிறகு கடிகாரத்தை, பிறகு கைப்பேசியை. அந்த நேரம் பார்த்துப் பச்சைப் படகு பாட்டு முழங்க வந்து சேரும். அது ஒரு பெரிய நிறுவனத்தின் படகு. பக்கெட்டில் மீன்தலைகள் வைத்திருப்பார்கள். ஓங்கில் எங்கே தலை நீட்டினாலும் துரத்திக்கொண்டு போவார்கள். அதிலிருந்து எழுகிற கூச்சல் இங்கே கேட்கும்.

"அவங்க மட்டும் அவ்வளவு கிட்டப் போறாங்களே?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

"அவங்க துரத்தறாங்க. நாம பார்க்கறோம்."

"நாம எங்கங்க பார்க்கறோம்?" என்பார் கேட்டவர். தம்பி அதை மனதுக்குள் ஆமோதிப்பான். பார்ப்பது புள்ளியைத்தான்.

படகுத்துறையில் வரிசையில் நிற்கிறவர்கள், "அந்தத் திட்டற அம்மா எந்தப் படகு?" என்று விசாரித்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போகத் தொடங்கினார்கள். திட்டுக் கேட்பதற்கென்றே தேடி வருகிற சிலரும் உண்டு. ஊருக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள்தானே. ஆனால் நாலு பேரை வைத்துப் படகு ஓட்ட முடியாது. பச்சைப் படகு நிரம்பி வழிந்த பிறகு, மீதியும் மிச்சமும் இவனுக்கு வந்தன. சில காலைகளில் அதுவும் இல்லை.

இதற்கு நடுவில் அரைநிலா குட்டி போட்டது. முதுகுத் துடுப்பில் ஒரு பிறை வடிவ வெட்டு இருப்பதால் அந்தப் பெண் ஓங்கிலுக்கு அக்கா வைத்த பெயர் அது. கூட்டத்திலேயே அவளிடம் திட்டு வாங்காத ஒரே ஜீவன். குட்டியை முதன்முதலாகப் பார்த்த காலையில் அக்கா மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கிசுகிசுப்பாகச் சொன்னாள். "புதுசு. இப்பத்தான் பொறந்திருக்கு. விலாவுல மடிச்சு வெச்ச துணி மாதிரி கோடு தெரியுதா? வயித்துக்குள்ள சுருண்டு கிடந்த மடிப்பு அது. இன்னும் மறையல." பிறகு தம்பியிடம் வந்து, "இன்னும் தள்ளி நிறுத்துடா" என்றாள். தள்ளி நிறுத்தினான். புள்ளியும் தெரியவில்லை.

அன்று மாலை அவன் மனைவி பேச்சை எடுத்தாள். "நான் அண்ணியைக் குறை சொல்லலை. அவங்க சொல்றது அத்தனையும் சரிதான். ஆனா சரியானதைக் கேட்கவா லீவு நாள்ல வர்றாங்க? இப்படியே போனா படகை வித்துட வேண்டியதுதான். படகு போனா அவங்க எங்க நின்னு திட்டுவாங்க, சொல்லுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏற்பாடும் இருந்தது. அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் மகள் கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறவள். அவளைக் கொண்டே பயணம் முழுமைக்குமான வர்ணனையைப் பதிவு செய்து ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றி வைத்திருந்தாள். புறப்படும்போது பொத்தானை அழுத்தினால் திரும்பி வரும்வரை பேசும். நடுநடுவே இசை, இடத்துக்கு இடம் இடைவெளி. பெட்டியைக் கையில் வாங்கிய தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேருந்து நிலையத்தில் ஒரு பெட்டி செய்ததை இனி கூடப்பிறந்தவனே செய்ய வேண்டும்.

"அக்காகிட்ட யார் சொல்றது?" என்றான்.

"நானா சொல்ல முடியும்? உங்க அக்கா. நீங்கதான்."

சொல்லப் பார்த்தான். எஞ்சின் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கும்போது, "அக்கா, ஒரு விஷயம்" என்று தொடங்கினான். "முதல்ல அந்த மூடியைச் சரியா திருகு. அப்புறம் விஷயம்" என்றாள். சாப்பிடும்போது தொடங்கினான். "வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பேசாதே" என்றாள். நடு வயது தாண்டிய மனிதன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஒரு வாரம் ஓடிற்று. அந்த வாரத்தில் அவள் மேல் அவனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனுஷி தன்னிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்வதற்குக்கூடவா இடம் கொடுக்கமாட்டாள்?

கடைசியில் கோழைகள் செய்வதைச் செய்தான். விடுமுறை நாள் காலையில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத் தொண்டை சரியில்லைல்ல. இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடு, அக்கா" என்றான்.

"என் தொண்டைக்கு என்ன கேடு?" என்றாள். அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான்.

"இனிய காலை வணக்கம் நண்பர்களே!" என்றது பெட்டி. மணி குலுங்குகிற குரல்.

அக்கா ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். இப்போது திட்டு விழும், இப்போது விழும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். விழவில்லை. அவள் மைக்கைச் சட்டைக் கையால் துடைத்து அதன் கொக்கியில் மாட்டினாள். பயணிகள் வரிசையின் பின்கோடியில், சுக்கானுக்குப் பக்கத்திலேயே இருந்த காலி இருக்கையில் போய்க் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கியவள்போல உட்கார்ந்தாள். நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிற்று.

பெட்டி பேசிக்கொண்டே வந்தது. குறும்புக்கார மீன்கள் என்றது. எப்போதும் புன்னகை மாறாத நண்பர்கள் என்றது. மூக்கால் பந்தாடுவார்கள் என்றது. ஒவ்வொரு தப்புக்கும் தம்பி ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தப்பைக் கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்ததை அவன் பார்த்ததே இல்லை. இப்போது வரிசையாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். வாயைத் திறந்து திட்டேன் என்று அவனே வேண்டிக்கொள்கிற நிலைமை வந்துவிட்டது.

ஆனால் பயணிகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பாட்டுக்குத் தலையாட்டினார்கள். முன்வரிசையில் அகலமான ஓலைத்தொப்பி போட்ட ஒரு பெண் தோழிகளோடு வந்திருந்தாள். "என்ன இனிமையான குரல் பாரேன்! போன தடவை வேற ஒரு அம்மா, எங்களை எப்படித் திட்டிச்சு தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கச் சொன்னாள். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

நீரின் கோடு வந்தது. கையை உயர்த்த ஆள் இல்லை. இருந்தும் தம்பியின் கை தானாகவே போய் எஞ்சினை நிறுத்திவிட்டது.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம், வழக்கத்துக்கு மாறாக மிக அருகில், பிறை வெட்டுத் துடுப்பு ஒன்று எழுந்தது. அரைநிலாதான். அதன் வாய் முனையில் குட்டி இருந்தது. தண்ணீருக்கு மேல் தூக்கிற்று. குட்டி சரிந்து விழுந்தது. அது முழுகுவதற்குள் அடியில் போய் மறுபடி தூக்கிற்று.

"ஐயோ, குட்டி! குட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்குது பாருங்க!" என்று கத்தினாள் தொப்பிக்காரி. எல்லோரும் இடது பக்கம் சாய்ந்தார்கள்.

தம்பி பார்த்தான். குட்டி வளையவில்லை, வாலை அடிக்கவில்லை. நிறம் மங்கியிருந்தது. தூக்கிய பக்கம் போயிற்று, விட்ட பக்கம் விழுந்தது. ஆராய்ச்சிக்கார அம்மா அக்காவிடம் சொன்னதும், அக்கா ஒரே ஒருமுறை அவனிடம் சொன்னதும் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தன. குட்டி இறந்துபோனால் தாய் அதை நாள் கணக்கில் சுமந்துகொண்டே திரியுமாம், இரை எடுக்காதாம். எல்லாவற்றையும் மைக்கில் சொல்கிற அக்கா இதை மட்டும் எந்தப் பயணத்திலும் சொன்னதில்லை.

இடைவெளி முடிந்து பெட்டி குதூகலமாகத் தொடங்கியது. "ஆஹா! நம் நண்பர்கள் விளையாட வந்துவிட்டார்கள்! அவர்களை உற்சாகப்படுத்தலாமா? எங்கே, ஒரு பெரிய கைதட்டல்!"

படகு முழுக்கக் கைதட்டல் எழுந்தது. ஒருவர் விசிலடித்தார். அரைநிலா குட்டியோடு முழுகியது, சற்றுத் தள்ளி எழுந்தது, மறுபடி தூக்கிற்று. அதன் வாய் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னும் பலமாக!" என்றது பெட்டி.

தம்பி பொத்தானைத் தேடினான். அவசரத்தில் கிடைக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கம்பி அறுந்தது, பலகை பெயர்ந்தது, பெட்டி அவன் கால் மேலேயே விழுந்து பிளந்தது. இனி அதை ஒட்டவைக்க முடியாது. வீட்டில் மனைவி கேட்பாள். கேட்கட்டும்.

கொக்கியிலிருந்து மைக்கை எடுத்து அக்காவிடம் நீட்டினான். அவள் எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தாள். பேருந்து நிலையம் முழுக்க எட்டிய குரலில் ஒரு சொல்கூட வரவில்லை. மைக்கை அவன் நெஞ்சோடு திருப்பித் தள்ளினாள்.

"நீ சொல்லு" என்றாள். "சரியா சொல்லு."

இருக்கைகளுக்கு நடுவே முன்னால் நடந்தாள். அங்கங்கே கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. பெட்டி ஏன் நின்றது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்காரி மட்டும் கடலின் பக்கம் திரும்பி, எழுந்து நின்று, தலைக்கு மேல் கைகளை உயர்த்தித் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தம்பி மைக்கில் பேசினான். "அது விளையாடலைங்க. குட்டி செத்துப்போச்சு. தாய்க்கு விட மனசு வரல. தயவுசெஞ்சு யாரும் சத்தம் போடாதீங்க." வேறு எதுவும் சேர்த்துச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

அதற்குள் அக்கா முன்வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். பயணிகள் யாரையும் இதுவரை விரல் நுனியாலும் தொட்டிராதவள், அந்தப் பெண்ணின் உயர்ந்திருந்த இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்தாள். மெல்லக் கீழே இறக்கினாள். தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மூடிக்கொண்டாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். அவள் உதடு கோணிற்று. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்காவும் விடவில்லை.